பச்சைக் கறியும் ஒன்பது நாள் வயிற்றுப்போக்கும்

கேள்வி: எங்கள் லேப்ரடார் குட்டி மின்னுவுக்கு 13 வாரம் ஆகிறது, எடை 9 கிலோ. பாக்கெட்டில் வரும் உலர் உணவு சாப்பிட்டு நன்றாகத்தான் இருந்தாள். அது விஷத்துக்குச் சமம், நாய்க்குப் பச்சைக் கறிதான் இயற்கை என்று என் கணவர் நிறைய வீடியோ பார்த்துவிட்டுச் சொன்னார். ஒரே நாளில் மாற்றிவிட்டோம். உடல் எடையில் 3 சதவீதம் என்ற கணக்கில் தினமும் 270 கிராம் தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி கொடுக்கிறேன். எலும்பு தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயத்தில் எலும்பே போடுவதில்லை. பசியோடு பார்க்கிறாளே என்று ஈரலைக் கூட்டிக் கூட்டி இப்போது தினமும் 100 கிராம் போகிறது. மாற்றிய மூன்றாம் நாள் ஆரம்பித்த வயிற்றுப்போக்கு ஒன்பது நாளாக நிற்கவில்லை. ஒரு நாளைக்கு ஆறேழு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக, சளி மாதிரி கலந்து போகிறது. வாந்தி இல்லை. விளையாடுகிறாள், சாப்பிடுகிறாள். உடம்பில் சேர்ந்த நச்சு வெளியேறுகிறது, விடாமல் தொடருங்கள் என்கிறார்கள். தொடரலாமா? தடுப்பூசி இரண்டு போட்டாயிற்று. வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறான், மின்னு அவனை விட்டு நகர்வதே இல்லை.

பதில்: தொடர வேண்டாம். இன்று இரவுச் சாப்பாட்டிலிருந்தே பச்சைக் கறியை நிறுத்திவிடுங்கள். நாளைக் காலை மின்னுவையும் அவளுடைய மலத்தில் ஒரு சிறு மாதிரியையும் எடுத்துக்கொண்டு உங்கள் கால்நடை மருத்துவரிடம் போங்கள். கடிதத்தை வைத்து நோய் இன்னதென்று நான் சொல்ல முடியாது. ஆனால் நாய்க்குட்டிக்கு இரண்டு நாளைத் தாண்டிய வயிற்றுப்போக்கே பரிசோதனைக்கு உரியது. இது ஒன்பது நாள்.

அதற்குள் சில விஷயங்களில் கண் வையுங்கள். வாந்தி வந்தால், சாப்பாட்டை வேண்டாம் என்று ஒதுக்கினால், சோர்ந்து படுத்தால், மலத்தில் ரத்தம் தெரிந்தால் அல்லது மலம் தார் போலக் கறுத்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள். என் மனதில் இருப்பது பார்வோ, குட்டிகளின் உயிரையே எடுக்கக்கூடிய வைரஸ் குடல் நோய். இரண்டு ஊசி போட்டாயிற்று என்கிறீர்கள், நல்லது. ஆனால் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை, போடும் தடுப்பூசியையே அது முறியடித்துவிடும். அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 16 வாரம் முடியும்வரை இரண்டிலிருந்து நான்கு வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகிறோம். மின்னு இன்னும் அந்த எல்லையைத் தாண்டவில்லை. அவள் ஓடி விளையாடுவதைப் பார்த்தால் பார்வோவாக இருக்க வாய்ப்பு குறைவு. இருந்தாலும் மருத்துவரிடம் அதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சரி, இந்த ‘நச்சு வெளியேறுகிறது’ கதைக்கு வருவோம். இதைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் கோபமே வரும். உடம்பில் கழிவை நீக்குவது கல்லீரலும் சிறுநீரகமும். அவை அந்த வேலையை வயிற்றுப்போக்கு வழியாகச் செய்வதில்லை. வயிற்றுப்போக்கு என்றால், உறிஞ்ச வேண்டிய தண்ணீரைக் குடல் உறிஞ்ச முடியாமல் விட்டுவிட்டது என்று அர்த்தம். தண்ணீரோடு உப்புச்சத்தும் போகிறது. நச்சு என்ற இந்த ஒரு விளக்கம் இருந்தால் போதும், மலம் இளகினாலும் சரி, சளி வந்தாலும் சரி, ரத்தமே வந்தாலும் சரி, எல்லாம் ‘நல்லதுக்கு’ என்று ஆகிவிடும். மருத்துவரிடம் வர வேண்டிய குட்டி ஒரு வாரம் தாமதமாக வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

மின்னுவுக்கு உண்மையில் என்ன நடந்திருக்கும்? குடலில் வாழும் நுண்ணுயிர்கள் கிடைக்கும் உணவுக்கு ஏற்பப் பெருகியவை. மாவுச்சத்தும் நார்ச்சத்தும் உள்ள உணவில் வளர்ந்த கூட்டத்துக்கு ஒரே இரவில் வெறும் புரதம் வந்து இறங்கியது. பாக்கெட் உணவில் ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறவே ஏழெட்டு நாள் எடுத்துக்கொள்ளச் சொல்வோம். நீங்கள் செய்தது அதைவிடப் பல மடங்கு பெரிய மாற்றம். அதற்கு மேல் ஈரல். பச்சைக் கறி ஊட்டுவதில் அனுபவம் உள்ளவர்களே ஈரலை மொத்த உணவில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் தருவதில்லை. மலத்தை இளக்குவதில் ஈரலுக்கு நிகராக இன்னொன்றைச் சொல்வது கஷ்டம். மின்னுவின் தட்டில் அது கால் பங்கைத் தாண்டிவிட்டது.

மூன்றாவது சந்தேகம் புழுவும், ஜியார்டியா என்ற கண்ணுக்குத் தெரியாத குடல் ஒட்டுண்ணியும். இவை குட்டியின் குடலில் ஏற்கெனவே சத்தமில்லாமல் இருந்திருக்கலாம். உருளைப்புழு பல குட்டிகளுக்குத் தாயின் வயிற்றிலேயே தொற்றிவிடுகிறது. குடல் அமைதியாக இருக்கும்வரை வெளியே தெரியாது, உணவு மாறி அலைக்கழிந்ததும் தலை காட்டும். அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக, சளியோடு என்று நீங்கள் எழுதியிருப்பது பெருங்குடல் எரிச்சலுக்கான அடையாளம். உணவு மாற்றத்தாலும் அது வரும், ஜியார்டியாவாலும் வரும். பார்த்து மட்டும் பிரிக்க முடியாது. அதற்குத்தான் மலப் பரிசோதனை.

இப்போது சாப்பாடு. வயிற்றுக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று ஒரு நாள் பட்டினி போடும் வழக்கம் உண்டு. வளர்ந்த நாய் தாங்கிக்கொள்ளும். குட்டிக்கு வேண்டாம், சர்க்கரை அளவு இறங்கிவிடும். குடலின் உள்சுவர் செல்களுக்கு அவற்றின் மேல் ஓடும் உணவிலிருந்தே பெருமளவு ஊட்டம் கிடைக்கிறது, பட்டினி போட்டால் புண் ஆறுவதும் தள்ளிப்போகும். தோலும் கொழுப்பும் நீக்கிய கோழியை நன்றாக வேக வைத்து ஒரு பங்கு, குழைய வேக வைத்த சோறு இரண்டு பங்கு. உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. ஒரு நாளைக்கு ஐந்தாறு சிறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். பெருங்குடல் எரிச்சலுக்கு வேக வைத்து மசித்த பூசணி ஒரு ஸ்பூன் சேர்ப்பது பலருக்கு உதவுகிறது. மலம் கெட்டிப்பட்டு இரண்டு நாள் ஆன பிறகு பழைய பாக்கெட் உணவைக் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று ஒரு வாரத்தில் திரும்பக் கொண்டுவாருங்கள். கோழியும் சோறும் நான்கைந்து நாளுக்கு மேல் நீள வேண்டாம். அது வயிற்றை ஆற்றுவதற்கான சாப்பாடு, வளரும் குட்டிக்கு வேண்டிய எல்லாம் அதில் இல்லை.

தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். நீர்ச்சத்து குறைகிறதா என்று தோலைக் கிள்ளிப் பார்க்கச் சொல்வார்கள். குட்டிகளின் தோல் தானாகவே மீள்தன்மை உள்ளது, அதை நம்ப முடியாது. ஈறைத் தொட்டுப் பாருங்கள். வழவழவென்று ஈரமாக இருக்க வேண்டும், ஒட்டினால் நீர் போதவில்லை. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும்.

வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள். நமக்கு வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபராமைடு, கோலி போன்ற சில நாய் இனங்களில் மூளைக்குள் புகுந்து ஆபத்தாகும். லேப்ரடார்தானே என்று துணிந்தாலும், தொற்று இருக்கும்போது குடலின் ஓட்டத்தை நிறுத்துவது கிருமியை உள்ளே பூட்டி வைப்பது போல. முன்பு எப்போதோ மீந்த மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையும் வேண்டாம். ஏற்கெனவே கலைந்து கிடக்கும் நுண்ணுயிர்க் கூட்டத்தை அது இன்னும் கலைக்கும், பழைய நிலைக்கு வரச் சில வாரங்களே ஆகலாம். நாய்களுக்கென்று வரும் புரோபயாட்டிக், அதாவது குடலுக்கு நல்லது செய்யும் நுண்ணுயிர் மருந்து, கொடுக்கலாம்.

நீங்கள் கேட்டது வயிற்றுப்போக்கைப் பற்றி. உங்கள் கடிதத்தைப் படித்தபோது என்னை அதிகம் உறுத்தியது வேறு இரண்டு விஷயங்கள்.

பசியோடு பார்க்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது நடிப்பு இல்லை, அவளுக்கு நிஜமாகவே பசி. உடல் எடையில் 3 சதவீதம் என்பது வளர்ந்து முடிந்த நாய்க்கான கணக்கு. நான்கு மாதம் நிரம்பாத குட்டிக்கு, சும்மா படுத்திருந்தால் ஆகும் ஆற்றலைப்போல் மூன்று மடங்கு வேண்டும். 9 கிலோ மின்னுவுக்கு அது ஒரு நாளைக்குச் சுமார் 1,090 கலோரி. நீங்கள் கொடுக்கும் 270 கிராம் நெஞ்சுக்கறியும் 100 கிராம் ஈரலும் சேர்த்தால் 450 கலோரியை எட்டுவதே கஷ்டம். பச்சைக் கறியில் முக்கால் பங்கு தண்ணீர், உலர் உணவில் பத்தில் ஒரு பங்குதான். கிண்ணம் பார்வைக்கு நிறைந்திருக்கும், கலோரி இருக்காது. நீங்கள் ஈரலைக் கூட்டியது பாசத்தால். குட்டியின் பார்வையைச் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள், கையில் இருந்த கணக்குதான் தப்பு.

இரண்டாவது, எலும்பு. சிக்கிக்கொள்ளும் என்று பயந்து விலக்கினீர்கள். நியாயமான பயம்தான். வேக வைத்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும், பச்சை எலும்பு பல்லை உடைக்கும், தொண்டையிலும் குடலிலும் அடைக்கும், இரண்டுமே எங்களிடம் வருகின்றன. ஆனால் எலும்பை எடுத்துவிட்டால் அந்த உணவில் கால்சியமே இல்லாமல் போய்விடுகிறது. வளரும் குட்டிக்கு ஒவ்வொரு 1,000 கலோரிக்கும் குறைந்தது 3 கிராம் கால்சியம் வேண்டும். மின்னுவின் தட்டில் இப்போது இருப்பது நாளொன்றுக்கு 40 மில்லிகிராம்கூட இல்லை, அதாவது தேவையில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. பாஸ்பரஸோ கறியிலும் ஈரலிலும் கொட்டிக் கிடக்கிறது. கால்சியம் பாஸ்பரஸைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டிய இடத்தில், பாஸ்பரஸ் இருபது மடங்குக்கு மேல் நிற்கிறது.

ரத்தத்தில் கால்சியம் குறைவதை உடம்பு பொறுக்காது, இதயமும் தசையும் ஓட அது வேண்டும். அதனால் கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பி வேலையைத் தொடங்கி, எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைத்து ரத்தத்துக்கு அனுப்பும். ரத்தப் பரிசோதனை செய்தால் அளவு சரியாகவே காட்டலாம். எலும்பு மட்டும் உள்ளே மெலிந்துகொண்டே போகும். சில வாரம் போனதும் குட்டி நடக்கத் தயங்கும், தூக்கினால் கத்தும், கால் வளையும். சோபாவிலிருந்து குதித்ததற்குத் தொடை எலும்பு முறிந்து வந்த குட்டிகளைப் பார்த்திருக்கிறேன். எக்ஸ்ரேயில் எலும்பும் சுற்றியுள்ள தசையும் கிட்டத்தட்ட ஒரே நிறத்தில் இருக்கும். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால், பெருமையாகவே சொல்வார்கள்: சுத்தமான கறி, வேறு எதுவும் இல்லை.

பயப்படாதீர்கள், மின்னுவுக்கு இன்னும் இரண்டு வாரம்கூட ஆகவில்லை. இப்போதே சரியான உணவுக்குத் திரும்பினால் எலும்பு தேறிவிடும். ஆனால் இதைப் படித்ததும் கால்சியம் டானிக் வாங்க ஓட வேண்டாம். பெரிய இனக் குட்டிகளுக்கு எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. ஏறக்குறைய ஆறு மாதம்வரை குட்டியின் குடலுக்கு மிகுதியான கால்சியத்தை மறுக்கத் தெரியாது, வருவதையெல்லாம் உள்ளே விடும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980களில் கிரேட் டேன் குட்டிகளை வைத்து நடந்த ஆய்வுகளில், அதிகக் கால்சியம் கொடுத்த குட்டிகளின் எலும்பும் மூட்டும் கோணலாக வளர்ந்தன. குட்டிகளுக்கென்று முழுமையாகத் தயாரித்த உணவில், குறிப்பாகப் பெரிய இனக் குட்டிகளுக்கானதில், இந்த அளவு ஏற்கெனவே கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். அதன் மேல் எதையும் தூவ வேண்டியதில்லை.

அப்புறம், உங்கள் பையன். கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் முதல் வரி. பச்சைக் கறியில் சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர், லிஸ்டீரியா போன்ற கிருமிகள் இருப்பது அபூர்வம் இல்லை. 2010-லிருந்து 2012 வரை அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் விற்பனையில் இருந்த 196 பச்சை நாய், பூனை உணவு மாதிரிகளைச் சோதித்தபோது 15-இல் சால்மொனெல்லாவும் 32-இல் லிஸ்டீரியாவும் இருந்தன. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012-இல் பச்சை மாமிச உணவு வேண்டாம் என்று வெளிப்படையாக நிலைப்பாடு எடுத்ததற்கு இந்தக் கிருமிகள்தான் முக்கியக் காரணம்.

நாயின் வயிற்று அமிலம் எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்பார்கள். கொஞ்சம் உண்மை உண்டு, பல நாய்கள் கிருமியை விழுங்கியும் நோய்ப்படுவதில்லை. ஆனால் நோய்ப்படாமலே அதை மலத்திலும் எச்சிலிலும் வெளியே விடும். மின்னு கிண்ணத்தை நக்கிவிட்டு நேராக வந்து நக்குவது பையனின் முகத்தை. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு இந்தத் தொற்று கடுமையாகவே வரக்கூடும். கர்ப்பிணிகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இருக்கும் வீட்டுக்கும் இதே பேச்சுதான். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகிவிடும் என்பதும் இல்லை. குளிரில் சில ஒட்டுண்ணிகள் சாகும், பாக்டீரியா பெரும்பாலும் தூங்கும், உருகியதும் எழுந்துவிடும்.

ஒன்பது நாளாக மின்னு போன இடத்தையெல்லாம் கையுறை போட்டு எடுங்கள், சோப்பு போட்டுக் கழுவிய பிறகு கிருமிநாசினியால் துடையுங்கள். குழந்தை தவழும் தரையை முதலில். அவனுக்கும் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால், வீட்டில் நாய்க்குப் பச்சைக் கறி கொடுத்தோம் என்பதைக் குழந்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. நாய் ஓநாயின் வழி வந்தது, சந்தேகமில்லை. ஆனால் மனிதனோடு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்ததில் அதன் வயிறும் மாறியிருக்கிறது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் பிரதிகள் ஓநாயைவிட நாயில் பல மடங்கு இருப்பதைக் கண்டார்கள். பாக்கெட் உணவு மேல் அவருக்கு இருக்கும் சந்தேகம் முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன், தரமற்றவையும் விற்கின்றன. லேபிளில் ‘குட்டிகளின் வளர்ச்சிக்கு ஏற்ற முழுமையான உணவு’ என்று இருக்கிறதா, பெரிய இனக் குட்டிகளுக்கும் பொருந்தும் என்று இருக்கிறதா, இந்த இரண்டையும் அவரையே பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்துதான் கொடுக்க வேண்டும் என்றால் சமைத்துக் கொடுங்கள். கறியின் புரதம் வேக வைத்ததால் வீணாவதில்லை, கிருமி மட்டும் போகும். ஆனால் அந்தச் சமையல் குறிப்பு கால்நடை ஊட்டச்சத்து நிபுணர் மின்னுவின் எடைக்கும் வயதுக்கும் எழுதிக் கொடுத்ததாக இருக்கட்டும். கால்சியம், துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ எல்லாம் அதில் துல்லியமான அளவோடு வரும். ‘80 பங்கு கறி, 10 பங்கு எலும்பு, 10 பங்கு உறுப்பு’ என்று சுற்றும் சூத்திரம் இவற்றில் பலவற்றைத் தராது. பச்சைதான் வேண்டும் என்று அப்போதும் பிடிவாதமாக இருந்தால், குட்டி வளர்ந்து முடியட்டும், பையனுக்குக் கை கழுவத் தெரியும் வயது வரட்டும், அப்போது பேசுவோம். அன்றைக்கும் ஒரே ஒரு வகைக் கறியில் தொடங்கி, இரண்டு மூன்று வாரம் எடுத்து மெதுவாகத்தான் மாற்ற வேண்டும்.

நாளைக்கு எடுத்துப் போகும் மல மாதிரி சில மணி நேரத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. கிளம்பத் தாமதமானால் மூடிய டப்பாவில், இன்னொரு பைக்குள் போட்டு, சாப்பாட்டுப் பொருளிலிருந்து தள்ளிக் குளிர்ச்சியில் வையுங்கள். ஜியார்டியா எல்லா நாளும் மலத்தில் வராது, அதனால் மருத்துவர் மூன்று நாள் மாதிரி கேட்டால் அலுத்துக்கொள்ளாதீர்கள். கடைசியாகக் குடற்புழு மருந்து கொடுத்த தேதியையும் மருந்தின் பெயரையும் குறித்துக்கொண்டு போங்கள், உங்கள் கடிதத்தில் அது இல்லை. போனதும் முதலில் எடை பார்க்கச் சொல்லுங்கள். பதினொன்று பன்னிரண்டு நாள் அரைச் சாப்பாட்டில் இருந்தவள், 9 கிலோ என்பது மாற்றுவதற்கு முன் எடுத்த எடையா பின் எடுத்ததா என்று எனக்குத் தெரிய வேண்டும். பரிசோதனை முடிவு வந்ததும் அதையும் சேர்த்து எழுதுங்கள்.